நான் இல்லாத கதை

மார்ச் 3

என் அக்கா பெற்ற வக்கீலம்மாவுக்கு,

பாய்லர் மாமா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தையின் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. மீதி அத்தை நன்றாக இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் நீ வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தவிர, வக்கீல்கள் எழுத்தில் இருந்தால்தான் எதையும் மதிப்பார்கள் என்று எங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் பெரியது. எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு விபத்து. மடிப்பக்காவை நீ பார்த்திருக்கிறாய், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிப்பவள். அவள் மடித்து வைத்தால் விரிப்பின் ஓரத்தில் கை வெட்டிக்கொள்ளலாம், அவ்வளவு கூர்மை. போன செவ்வாய்க்கிழமை உருளை இஸ்திரி இயந்திரத்தில் விரிப்பைத் தள்ளும்போது அவள் வலக்கை உள்ளே போய்விட்டது. இரும்பு உருளை, உள்ளே என் பாய்லரின் நீராவி. கொதி என்றால் அது கொதி.

அவள் அலறியதுதான் தாமதம், பாய்லர் அறையிலிருந்து நான் ஒரே தாவலாகத் தாவினேன். நடுவில் துணிவண்டிகள் வரிசையாக நின்றன, அத்தனையும் தாண்டினேன். ஓடுகிற இயந்திரத்துக்குத் தோளைக் கொடுத்து நிறுத்தினேன். நின்றது. பிறகு அவளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போல் ஊருக்கு ஒருவர் இருந்தால் எங்களுக்கு ஆம்புலன்ஸே வேண்டாம் என்றார். இதை எழுதும்போது உன் அத்தை தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள். அது என்ன சத்தம் என்று எழுத எழுத்து இல்லை.

ஆனால் கண்ணு, விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். இதில் மட்டும் என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

அவளுக்கு நஷ்டஈடு வாங்கித் தர வேண்டும். நீ தலைமை நீதிபதிக்கே சந்தேகம் வந்தால் கேட்கிற ஆள் என்று இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். என் பேச்சைக் காப்பாற்று.

பின்குறிப்பு: வழிபாட்டுக் கூடத்தில் உன் இடத்தில் இன்னும் என் துண்டைத்தான் போட்டு வைக்கிறேன். யாராவது கேட்டால், அவள் அந்த ஊரில் இதைவிடப் பெரிய கூடத்துக்குப் போகிறாள் என்கிறேன். அப்படியொன்றும் நீ போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமா,

தலைமை நீதிபதி இந்த வாரம் என்னிடம் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. என் மூத்த வக்கீல் மட்டும், அவருடைய கண்ணாடியை எங்கே வைத்தார் என்று கேட்டார்.

மடிப்பக்காவின் கையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன தடவை வந்தபோது என் கசங்கின துப்பட்டாவைப் பிடுங்கி மடித்துக் கொடுத்தாளே, அதே கை. வழக்கை நான் நேரில் நடத்துவது சரியாக வராது. சாட்சி என் மாமாவாக இருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊரிலேயே என் தோழி ஒருத்தி தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறாள். அவளிடம் சொல்லிவிட்டேன். மடிப்பக்காவைப் போய்ப் பார்த்தும்விட்டாள்.

இப்போது கவனமாகப் படியுங்கள். அந்த இயந்திரத்தின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். கை அதில் பட்டால் உருளை தானாக நிற்கும். நீங்கள்தான் முன்பு ஒரு தடவை அதைப் பெருமையாகக் காட்டினீர்கள், ஏதோ நீங்களே கண்டுபிடித்த மாதிரி. அது இருந்திருந்தால் உங்கள் தோளுக்கு வேலை வந்திருக்காது. உங்கள் கடிதத்தில் துணிவண்டி வருகிறது, டாக்டர் வருகிறார், கம்பி மட்டும் வரவே இல்லை.

தோழி விளக்கம் கேட்டதற்கு முதலாளி கொடுத்திருக்கும் பதிலில், மடிப்பக்காவே அவசரத்துக்காகக் கம்பியைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள் என்று இருக்கிறது. அவள் இல்லை என்கிறாள். கம்பியைக் கட்டச் சொல்லி முதலாளியே உத்தரவு போட்டபோது கேட்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்கிறாள். யார் கேட்டார்கள் என்று தோழி கேட்டதற்கு, 'உங்க சிநேகிதியோட மாமாவையே கேளுங்க' என்றாளாம்.

மாமா, நீங்கள் என்ன கேட்டீர்கள்? தாவினது, தாண்டினது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சம் இருப்பதை எழுதுங்கள்.

துண்டை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். உங்களுக்குத் திருப்தி என்றால் கிடக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வக்கீலம்மா


மார்ச் 17

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எங்கள் வம்சத்தின் எழுத்து.

நேற்று முதலாளி நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். உன் அத்தை மூச்சு அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அப்போது அந்த மனிதர் ஒரு நாள் தவறாமல் வந்து கட்டில் பக்கத்தில் நின்று கண்ணை மூடிப் பிரார்த்தித்தார். நீ அப்போது பரீட்சையில் இருந்தாய். முதலாளி என்ற கர்வம் இல்லாமல் ஆஸ்பத்திரித் தரையில் முழங்காலிட்டார். அதை நான் மறக்க முடியாது. நேற்றும் எங்களோடு முழங்காலிட்டார். மடிப்பக்காவுக்காகத்தான் வேண்டிக்கொண்டார், கண்ணீர் வந்தது, நான் பார்த்தேன். பிறகு எழுந்து, 'நடந்தது ஆண்டவன் சித்தம். நாம ஒருத்தரை ஒருத்தர் கோர்ட்டுக்கு இழுக்கிறவங்க இல்லை' என்றார். வழிபாட்டுக் கூடத்திலும் இந்த வாரம் மன்னிப்பைப் பற்றித்தான் போதனை. நானே எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று பின்வரிசையில் சொன்னார்களாம்.

கம்பி விஷயம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பாய்லர் அறையில் இரைச்சல் அதிகம்.

இன்னொன்று. கோர்ட்டில் ஆண்டவன் பெயரில் சத்தியம் வாங்குவார்கள். நம் வழியில் சத்தியம் செய்யக் கூடாது. அவன் பெயரைச் சாட்சிக்கு இழுப்பது பாவம் என்று உனக்கும் தெரியும். அதனால் நான் வருவதற்கு வழியில்லை. மேலே ஒரு கோர்ட் இருக்கிறது, அங்கே எல்லாம் தானாகத் தீரும்.

பழம் இனிப்பாக இருந்தது. ஆனால் உன் அத்தை ஒன்றைக்கூடத் தொடவில்லை. முழங்கால் வலிக்கும் பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

மாமா


மார்ச் 22

மாமா,

கோபமாக எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

டீக்கடையில் நாள் முழுக்கப் புளுகினால் பாவமில்லை. ஒரு பெண்ணின் கை போன காரணத்தை ஒரு தடவை சொன்னால் பாவம். இது என்ன கணக்கு?

சத்தியம் செய்ய வேண்டாம். ஆண்டவன் பெயரைச் சொல்லாமல் உண்மையைச் சொல்கிறேன் என்று உறுதி மட்டும் கூறலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. உங்கள் காரணம் ஒன்று போய்விட்டது. மீதிக் காரணத்தை நான் சொல்லட்டுமா? முதலாளி உங்கள் கூடத்தில் முன்வரிசை. நீங்களும் முன்வரிசை.

அப்பாவுக்கு வேலை போனபோதும் இதே கூடத்தில்தான் பொறுமையைப் பற்றிப் போதித்தார்கள். அப்பா பொறுத்தார். யாரிடமும் போய் ஏன் என்று கேட்கவில்லை. பொறுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. உங்களிடம் இதைச் சொன்னதில்லை, நீங்கள் துண்டு போட்டு வைத்திருந்தீர்கள் என்பதால்.

பொறுக்க வேண்டியவர்கள் எப்போதும் அடிபட்டவர்களாகவே இருக்கிறார்கள், மாமா. அது மட்டும் எப்படி?

அத்தை பழத்தைத் தொடாததன் காரணம் எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரியும்.


ஏப்ரல் 20

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். பதில் எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். எவ்வளவு வைராக்கியம் என்றால், தபால்காரரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றேன். அவர் நமக்கு என்ன செய்தார், பாவம்.

உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். சமாதானமாக எதையாவது ஜோடித்து எழுத மனம் வரவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் திங்கட்கிழமை. மடிப்பக்கா கட்டுப் பிரித்துத் திரும்ப வேலைக்கு வந்தாள். மடிப்பு வேலை இல்லை, அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுகிற வேலை. எங்கள் சலவைக்கூடத்தில் காலையில் இயந்திரங்களை ஓட்டுவதற்கு முன் எல்லோரும் கூடிப் பிரார்த்திப்போம், முதலாளிதான் சொல்லுவார். எல்லோரும் கை கூப்பினோம். அவளும் கூப்பினாள். ஒரு கையின் மூன்று விரலுக்கு எதிரே மற்றக் கையில் விரல் இல்லை, கண்ணு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரார்த்தனையில் கண்ணை மூடுவது வழக்கம்தான், ஆனால் அன்றைக்கு வேறு காரணத்துக்காக மூடினேன்.

பிரார்த்தனை முடிந்ததும் முதலாளி அவளை முன்னால் அழைத்தார். மனசில் கசப்பு வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லோர் முன்னிலையிலும் மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிடு, உனக்கே பாரம் இறங்கும் என்றார். அவர் அதை நடிப்பாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்புகிறவர். அவள் முன்னால் போய் நின்றாள். பிறகு சாதாரணக் குரலில் சொன்னாள்.

'மன்னிச்சுட்டேங்க. நீங்க கேட்கிறதுக்கு முன்னாலேயே மன்னிச்சுட்டேன். இப்ப அந்தக் கம்பியை இறக்கி விடச் சொல்லுங்க.'

சரி, வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டார். கம்பி இன்னும் மேலேதான் கட்டியிருக்கிறது. அவளுடைய இடத்தில் இப்போது ஒரு புதுப்பெண் நிற்கிறாள், போன மாதம் கல்யாணமானவள், கையில் மருதாணிகூடப் போகவில்லை.

அன்றைக்குப் பாய்லரில் நீராவியை ஏற்ற எனக்குக் கை வரவில்லை. நான் ஏற்றுகிற நீராவிதானே அந்த உருளைக்குள் போகிறது. நாங்கள் ஒரு மாதமாக மன்னிப்பு மன்னிப்பு என்று பாடினோமே, அவள் அதைக் கொடுத்தே விட்டாள். கொடுத்த பிறகும் கம்பி இறங்கவில்லை என்றால், நாங்கள் அவளிடம் கேட்டது மன்னிப்பு இல்லை, வேறு எதையோ. அதற்கு ஆண்டவன் பெயரை வைத்திருக்கிறோம். சத்தியம் செய்தால் அவன் பெயர் கெடும் என்று நான் பயந்தேன். அது ஏற்கெனவே கெட்டுப்போய்க் கிடக்கிறது.

நீ கேட்டதை எழுதுகிறேன். விபத்துக்கு முந்தின வாரம், காலைப் பிரார்த்தனை முடிந்து கூப்பின கையைப் பிரிக்கும்போது முதலாளி மெக்கானிக்கிடம் சொன்னார்: 'ஆஸ்பத்திரிக்காரங்க அவசரப்படுத்துறாங்க. துணி கொஞ்சம் சுருண்டாலே அந்தக் கம்பி நிறுத்திடுது. தூக்கிக் கட்டிடு.' மெக்கானிக் கட்டினான். நான் முன்னால் நின்றிருந்தேன். இரைச்சல் எதுவும் இல்லை, இயந்திரங்கள் இன்னும் ஓடவில்லை.

விபத்தன்று நான் தாவவில்லை. பக்கத்தில் இருந்த பெண் சுவிட்சை அடித்து நிறுத்தினாள். நான் பாய்லர் அறை வாசலில் நின்றிருந்தேன், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரை நான் பார்க்கவே இல்லை.

சாட்சி சொல்ல வருகிறேன் என்று உன் தோழியிடம் சொல்லிவிட்டேன். முதலாளியிடமும் நானே போய்ச் சொன்னேன், முதுகில் குத்தினதாக இருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. வருத்தமாகச் சிரித்தார். 'உன் பேச்சை யார் நம்புவாங்க? நீ சிறுத்தையைத் துரத்தின கதையை நானே பத்து விதமா கேட்டிருக்கேன்.'

அதுதான் இப்போது என் பயம். சிறுத்தையை விடு. புளுகு இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. நடுவில் என்னை அறியாமல் நாலு பூ வைத்துவிட்டால் மடிப்பக்காவின் வழக்கே போய்விடும். எப்படிச் சொல்வது என்று எழுது. இதை நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக வெளியே யாரிடமும் சொல்லாதே.

மாமா


ஏப்ரல் 26

என் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். பிறகு முகம் கழுவப் போனேன். என் மூத்த வக்கீல் என்ன ஆயிற்று என்றார். எங்கள் மாமா ஒரு கடிதத்தில் எங்கேயும் தாவவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

போன கடிதத்தில் நான் கடுமையாக எழுதிவிட்டேன். சொன்னதில் எதையும் திரும்பப் பெற மாட்டேன், ஆனால் சொன்ன விதத்துக்கு மன்னியுங்கள். கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன், சொல்லித் தரவும் கூடாது. எப்படி நிற்பது என்று மட்டும் சொல்கிறேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கண் பார்த்தது, காது கேட்டது, அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையை நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை, அத்தை முன்னால் நின்று பழகிக்கொள்ளுங்கள். டீக்கடைக் கதைகளைப் பற்றிக் கேட்பார்கள், நிச்சயமாகக் கேட்பார்கள். அவமானமாக இருக்கும். ஆமாம், அது கதை என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேலை போகலாம். கூடத்தில் முகம் திருப்புவார்கள். இதை இப்போதே சொல்வது என் கடமை. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம், உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் வராது.

நான் கூடத்துக்குத் திரும்புவேனா என்று தெரியாது மாமா. நான் நம்புவது சட்டத்தை, அதுவும் பாதி நாள்தான். ஆனால் மடிப்பக்கா முன்னால் நின்று சொன்னதைப் படித்ததிலிருந்து, அவள் கும்பிடுகிற ஆண்டவனோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை என்று தோன்றுகிறது.

எனக்குக்கூடக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. முடிந்ததும் உடனே எழுதுங்கள்.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 14

கண்ணு,

முடிந்தது. உன் தோழி போனில் தீர்ப்பை மட்டும் சொல்லியிருப்பாள். நடந்ததை நான் சொல்லுகிறேன். உன் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், வரிக்கு வரி பார்க்கிறாள், அதனால் நீ தைரியமாக நம்பலாம்.

நான் சத்தியம் செய்யவில்லை, உறுதி கூறினேன். நடுவர் ஒரு அம்மா, உன் வயதுக்குக் கொஞ்சம் மேலே. உன் தோழி கேட்டதற்கெல்லாம் நீ சொன்னபடி சுருக்கமாகப் பதில் சொன்னேன். நாக்கு பழக்கதோஷத்தில் இரண்டு தடவை எழும்பியது, கடித்துப் பிடித்தேன்.

பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார். சின்ன வயது, மெதுவான குரல்.

'ஓடுற இயந்திரத்தைத் தோளால தாங்கி நிறுத்தினதா டீக்கடையில சொன்னீங்களா?'

'சொன்னேங்க.'

'உண்மையா?'

'இல்லைங்க.'

'அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதா சொன்னீங்களா?'

'சொன்னேங்க. அதுவும் இல்லைங்க.'

சிறுத்தையையும் கேட்டார். சிறுத்தையும் இல்லை என்றேன். விசாரணை மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பக்கா சிரிக்கவில்லை, முதலாளியும் சிரிக்கவில்லை. என் காது சூடாகிவிட்டது. வக்கீல் முதலாளி பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, 'அப்ப கம்பியைக் கட்டச் சொன்ன கதை மட்டும் எப்படி உண்மையாகும்?' என்றார்.

நீ இதற்குப் பதில் எழுதி அனுப்பவில்லை. என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

'ஐயா, நான் புளுகினா அதுல நான் இருப்பேன். நான் தாவுவேன், நான் தாங்குவேன், நான்தான் காப்பாத்துவேன். இதுல நான் கூப்பின கையோட நின்னேன், காதால கேட்டேன், வாயைத் திறக்கலை. அவ்வளவுதாங்க நான். இப்படி ஒரு கதையை நான் எதுக்கு இட்டுக்கட்டணும்?'

யாரும் சிரிக்கவில்லை. நடுவரம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், நிதானமாக எழுதிக்கொண்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்தபோது மெக்கானிக் சுவரோரம் நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த விசாரணையில் அவனே வந்து, கட்டியது நான்தான், கட்டச் சொன்னவர் இவர்தான் என்று சொல்லிவிட்டான்.

தீர்ப்பு மடிப்பக்கா பக்கம். நஷ்டஈடு தனி, அன்றைக்கே கம்பியை இறக்க வேண்டும் என்றும் உத்தரவு. அதிகாரி ஒருவர் நேரில் வந்து நின்று இறக்க வைத்தார்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தப் பாய்லர் வேறு யாருக்கும் அடங்காது என்று எழுதினேன். உன் அத்தை அடிக்கச் சொல்லுகிறாள். அடித்துவிட்டேன். நிறுத்தினால் பழிவாங்கினதாக ஆகிவிடும் என்று முதலாளியின் வக்கீல் சொல்லியிருக்கிறார். கூடத்தில் முன்வரிசையில் என் இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. போன வாரம் ஒரு பக்கத்தில் மடிப்பக்கா வந்து உட்கார்ந்தாள். அந்தப் புதுப்பெண்ணும் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

நேற்று முதலாளி பாய்லர் அறைக்குத் தனியாக வந்தார். வெப்பத்துக்கு விலகாமல் வாசலில் நின்றார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, வயசான மனிதர்.

'உன் வீட்ல முழங்கால் போட்டேனே. அது நடிப்புன்னு நினைச்சியா?'

'இல்ல முதலாளி. அது நிஜம்னு தெரிஞ்சதாலதான் சாட்சி சொன்னேன். உங்களுக்காகவும் சேர்த்துத்தான் தினம் கும்பிடுறேன், அதை நிறுத்தலை.'

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதே நேரத்தில் அந்தப் பக்கம் இயந்திரம் டக் என்று நின்றது. இருவரும் திரும்பிப் பார்த்தோம். புதுப்பெண் கம்பியில் பட்ட கையை வெளியே இழுத்து, விரல்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, சுருண்ட விரிப்பை நீவித் திரும்பவும் உள்ளே தள்ளினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

முதலாளி அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு கை கூப்பினார். என்னைப் பார்த்து இல்லை. நானும் கூப்பினேன்.

இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. உன் அத்தை கையெழுத்துப் போடத் தயார் என்கிறாள்.

உன் மாமா